ஆண்டைக் கேட்காதீர்கள், சூறாவளியைக் கேளுங்கள்

முதியவர்களின் வாழ்க்கைக் கதையைப் பதியப் போகிறீர்களா? மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களில் எண்பதைத் தாண்டிய அம்மம்மாவிடம் "எந்த ஆண்டு கல்யாணம்?" என்றால் பெரும்பாலும் பதில் வராது. "சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேட்டுப் பாருங்கள். 1978 நவம்பர் 23 இரவை மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர் யாரும் மறக்கவில்லை. "சூறாவளிக்குள்ள மூத்தவன் கைப்பிள்ளை" என்பார். பிள்ளையின் வயது கிடைத்துவிட்டது, கல்யாண ஆண்டும் ஏறத்தாழப் பிடிபட்டுவிடும். அதற்கு முந்திய காலத்துக்கு 1957 வெள்ளம், பிந்தியதற்கு 2004 சுனாமி.

அப்புறம், "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று தொடங்க வேண்டாம். "எங்களுக்கு என்ன கதை இருக்கு" என்று ஒதுங்கிவிடுவார்கள். வேலையைக் கேளுங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்குமுன் பாதையில் (மிதவைப் படகில்) வாவியைக் கடந்தது, வட்டையில் (வயல்வெளியில்) இரவுக் காவல், கண்ணகி அம்மன் சடங்குக்கு வீடு ஆயத்தமான விதம், கூத்தில் கட்டிய வேஷம். கூத்தாடியவர் என்றால் ஒரு பாட்டையாவது பாடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாகவே வரும், எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான்.

கைபேசியின் ஒலிப்பதிவே போதும். அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் வையுங்கள், அனுமதி கேட்டுவிட்டுப் பதியுங்கள். போர்க்காலக் கதையில் குரல் தடுமாறினால் நிறுத்திவிடுங்கள், தோண்டக் கூடாது. சரி, பதிவை என்ன செய்வது? பெயர், ஊர், குடி (தாய்வழிக் குலம்), தேதி ஆகியவற்றைக் கோப்பின் பெயராக இட்டு, அன்றைக்கே இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள்.