எல்இடி மின்னவில்லையா? மைக்ரோகன்ட்ரோலர் பழகும்போது எங்கே தடுக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது

கணினியில் ஓடும் நிரலில் தப்பு இருந்தால் திரையில் சிவப்பாக ஏதாவது வரும். மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி, அதற்குத் திரை கிடையாது. தப்பு என்றால் அது சும்மா இருக்கும், அவ்வளவுதான். கேபிள் சரியில்லையா, வயர் ஒரு துளை தள்ளி மாட்டியிருக்கிறதா, நிரலில் ஒரு எழுத்து விட்டுப்போனதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதனால் நிரல் எழுதக் கற்கும்போதே, உள்ளே நடப்பதைப் போர்டையே சொல்ல வைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டை வைத்தே விளக்குகிறோம். அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்புக்கு 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கிலோபைட் ஃபிளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்), 2 கிலோபைட் ராம் (நிரல் ஓடும்போது மாறிகள் இருக்கும் நினைவகம்). இன்றைய கணக்கில் ரொம்பச் சின்னது. ஆனால் 5 வோல்ட்டில் ஓடுகிறது, பழகுபவரின் கைத்தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. இஎஸ்பி32 வேகமானது, வைஃபையும் உண்டு. ஆனால் அதன் பின்கள் (வயர் மாட்டும் முனைகள்) 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் கொடுத்தால் பழுதாகலாம். முதல் மாதம் ஊனோ போதும்.

போர்டு தவிர 830 துளை பிரெட்போர்டு (வயரைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) ஒன்று, எல்இடி ஐந்து, 220 ஓம் ரெசிஸ்டர் பத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஐந்து, புஷ் பட்டன் இரண்டு, 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகினால் மின்தடை மாறும் குமிழ்) ஒன்று, ஜம்பர் வயர் ஒரு கட்டு, கூடவே ஒரு மல்டிமீட்டர். முப்பது, நாற்பது சென்சார் அடங்கிய பெரிய கிட் இப்போது வேண்டாம். அதில் பாதி பெட்டியிலேயே கிடக்கும். மல்டிமீட்டரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லாமே ஊகம்தான்.

அப்லோடே ஆகவில்லை

வெளியே எதுவும் மாட்டாமல், கூடவே வரும் பிளிங்க் நிரலை ஏற்றிப் பாருங்கள். போர்டில் 13-ஆம் பின்னோடு ஒரு எல்இடி ஏற்கெனவே இணைந்திருக்கிறது. அது நொடிக்கொருமுறை மாறி மாறி எரிந்து அணைந்தால் கணினி, கேபிள், போர்டு மூன்றும் சரி. இந்தப் படியைத் தாண்டாமல் பிரெட்போர்டைத் தொடவே வேண்டாம்.

ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வர வேண்டும். சார்ஜ் செய்ய மட்டும் பயன்படும் யுஎஸ்பி கேபிளில் டேட்டா கம்பி இருக்காது. போர்டில் பவர் விளக்கு எரியும், ஆனால் கணினியில் போர்ட் (போர்டோடு பேசும் இணைப்பு வழி) தெரியாது. பலர் ஒரு நாள் முழுக்க டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இங்கேதான். ஒரு ஃபைலையாவது கணினிக்கு மாற்றிப் பார்த்த கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் சரி, போர்ட் மட்டும் வரவில்லை என்றால் போர்டிலுள்ள யுஎஸ்பி சிப்பைப் பாருங்கள். நகல் போர்டுகள் பலவற்றில் சிஎச்340 இருக்கும், அதற்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். லினக்ஸில் போர்ட் தெரிந்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

போர்ட் தெரிகிறது, ஆனால் 'நாட் இன் சிங்க்' என்று பிழை வருகிறதா? சிப்பிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். பட்டியலில் வேறு போர்டைத் தேர்ந்திருக்கலாம். நானோ போர்டு என்றால் பிராசசர் பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' என்று உள்ளதை எடுத்துப் பாருங்கள். பூட்லோடர் என்பது நிரலை வாங்கிச் சிப்பில் ஏற்றும் சிறு நிரல். பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200-ல். இன்னொரு காரணம், 0, 1 பின்களில் மாட்டிய வயர். அப்லோடும் அதே இரண்டு பின்கள் வழியாகத்தான் போகிறது. புளூடூத் மாட்யூல் எதையாவது அங்கே மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் ஒரு சோதனை உண்டு. ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் (0 வோல்ட் பின்) ஒரு வயரால் இணையுங்கள். மெயின் சிப் தூங்கிவிடும். 0-வையும் 1-ஐயும் இன்னொரு வயரால் இணைத்து, சீரியல் மானிட்டரை (போர்டு அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் ஜன்னல்) திறந்து ஏதாவது தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கேபிள், டிரைவர், யுஎஸ்பி சிப் எல்லாம் நலம். கோளாறு மெயின் சிப்பிலோ பூட்லோடரிலோ இருக்கிறது. திரும்பி வராவிட்டால் மெயின் சிப்பைக் குறை சொல்ல இப்போதைக்குக் காரணமில்லை.

வெளியே ஒரு எல்இடி

எல்இடியின் நீளக் கால் பிளஸ். பின்னிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து நீளக் கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 3 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழும். 3-ஐ 220-ஆல் வகுத்தால் சுமார் 13.6 மில்லி ஆம்ப். ஒரு பின்னுக்கு 40 மில்லி ஆம்ப் என்பது எந்த நிலையிலும் தாண்டக் கூடாத எல்லை. 20-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. ரெசிஸ்டர் இல்லாமலும் எல்இடி பளிச்சென்று எரியும், அதுதான் ஏமாற்று வேலை. போர்டின் பின் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருப்பது பிற்பாடுதான் தெரியும்.

எரியவே இல்லை என்றால் பிரெட்போர்டைக் கவனியுங்கள். நடுப்பகுதியில் ஐந்தைந்து துளைகள் குறுக்காக இணைந்திருக்கும். ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் பவர் கோடு சில 830 துளை போர்டுகளில் நடுவில் அறுந்திருக்கும். மேல் பாதியில் 5 வோல்ட் இருக்கும், கீழ்ப் பாதியில் ஒன்றும் இருக்காது. சிவப்புக் கோட்டில் நடுவே ஓர் இடைவெளி தெரிந்தால் அதுதான் அறிகுறி. இரு பாதியையும் ஒரு வயரால் இணைத்துவிடுங்கள்.

எரிகிறது, ஆனால் மங்கலாக என்றால் வயரைத் தேடாதீர்கள். பின்மோடு கட்டளையில் அவுட்புட் என்று சொல்ல மறந்திருப்பீர்கள். இன்புட்டாக இருக்கும் பின்னுக்கு ஹை என்று எழுதினால் சிப்புக்குள் இருக்கும் புல்லப் ரெசிஸ்டர் (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுப்பது) வேலை செய்யத் தொடங்கும். அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம். அதன் வழியே கசியும் மின்சாரத்தில்தான் அந்த மங்கல் வெளிச்சம்.

பட்டன்

பட்டனின் ஒரு காலை 5 வோல்ட்டுக்கும் மறு காலைப் பின்னுக்கும் மாட்டினால், அழுத்தும்போது 1 வரும். விட்டதும் 0 வர வேண்டுமே? வராது. அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே 0-வும் 1-ம் மாறி மாறி வரும். நிரலைத் திருத்தி இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் நிறையப் பேர். பட்டனை பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மாட்டி, பின்மோடில் இன்புட்_புல்லப் என்று கொடுங்கள். தனி ரெசிஸ்டரே வேண்டாம். ஆனால் கணக்கு தலைகீழாகும், அழுத்தினால் 0, விட்டால் 1.

பட்டனுக்கு நான்கு கால்கள் இருந்தாலும் இரண்டிரண்டாக எப்போதும் இணைந்தவை. எப்போதும் அழுத்தியது போலவே காட்டினால் இணைந்த ஜோடியிலேயே இரண்டு வயரையும் மாட்டியிருக்கிறீர்கள். எதிரெதிர் மூலையிலுள்ள கால்களை எடுத்தால் இந்தத் தப்பு நேரவே வழியில்லை.

ஒருமுறை அழுத்தினால் நான்குமுறை எண்ணுகிறதா? உள்ளே இருக்கும் உலோகத் தகடு தொட்டவுடன் நிலைக்காது, சில மில்லி நொடி துள்ளும். மாற்றம் தெரிந்ததும் 20 மில்லி நொடி கழித்து மறுபடி படித்து, அதே நிலை என்றால் மட்டும் எண்ணுங்கள்.

போர்டைப் பேச வைப்பது

செட்டப் பகுதியில் (போர்டு தொடங்கும்போது ஒருமுறை மட்டும் ஓடுவது) சீரியல்.பிகின்(9600) எழுதி, சந்தேகமான இடத்திலெல்லாம் சீரியல்.பிரிண்ட்எல்என் போடுங்கள். மானிட்டரில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் குப்பை வந்தால், அதன் கீழே உள்ள வேகமும் 9600 தானா என்று பாருங்கள். 'உள்ளே வந்தது' என்று மட்டும் அச்சடிப்பதில் பெரிய பயன் இல்லை. மாறியின் பெயரையும் மதிப்பையும் சேர்த்து அச்சடியுங்கள்.

பொட்டென்ஷியோமீட்டரை ஏ0-வில் மாட்டித் திருப்பும்போது 0-விலிருந்து 1023 வரை சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் வயர் தளர்வு. ஓரக் கால்களில் ஒன்றின் வயர் விட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் ஒரு முனையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

செட்டப்பில் சீரியல்.பிகினுக்கு அடுத்த வரியில் 'தொடக்கம்' என்று அச்சடிக்கும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். (எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றால் ஏதாவது எண்ணைப் போடுங்கள்.) அது ஒருமுறைதான் வர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி மறுபடி வந்தால் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டிருக்கிறது. நிரலின் ஓட்டத்தில் தேடி நேரத்தை வீணாக்காமல் மின்சாரப் பக்கம் திரும்புங்கள்.

பெரும்பாலும் சர்வோவோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) சாதா மோட்டாரோ காரணமாக இருக்கும். சின்ன சர்வோ கூட அடைபட்டு நிற்கும்போது பல நூறு மில்லி ஆம்ப் இழுக்கும். யுஎஸ்பி வழியில் வரும் 5 வோல்ட் அந்த நொடியில் சரிந்து சிப் மறுபடி தொடங்கிவிடும். சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுங்கள், அதன் குறுக்கே 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. அந்தச் சப்ளையின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இதை விட்டால் சர்வோ நடுங்கும் அல்லது அசையவே அசையாது. டிசி மோட்டாரை நேரடியாகப் பின்னில் மாட்டவே கூடாது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம்.

மோட்டாரே இல்லை, ஆனாலும் ரீசெட் ஆகிறது, அல்லது அச்சில் பாதி எழுத்து காணவில்லை என்றால் ராம் நிரம்பியிருக்கலாம். மொத்தமே 2048 பைட்தான். நீளமான வாக்கியங்களை அச்சடிக்கும்போது எஃப்( ) என்று சுற்றி எழுதினால் அவை ஃபிளாஷிலேயே தங்கிவிடும்.

நிரல் கம்பைல் ஆகிறது, ஆனால் தப்பாக ஓடுகிறது

ஒரு நிமிடம் நிறுத்தி வைக்க டிலே(60 * 1000) என்று எழுதிப் பாருங்கள். எல்இடி ஒருமுறை மாறும், பிறகு எத்தனை நேரம் காத்திருந்தாலும் அசையாது. ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட், 32767 வரைதான் தாங்கும். 60000 அதில் அடங்காமல் உருண்டு -5536 ஆகிறது. டிலே குறி இல்லாத 32 பிட் எண்ணை எதிர்பார்ப்பதால் அது 4,294,961,760 மில்லி நொடியாகப் போய்ச் சேரும், கிட்டத்தட்ட 49.7 நாள்! 60யூஎல் * 1000 என்று எழுதினால் தீர்ந்தது. கம்பைலர் எச்சரிக்கை வைத்திருக்கும், ஆனால் எச்சரிக்கைகளைக் காட்டும்படி அமைப்பில் மாற்றியிருந்தால்தான் கண்ணில் படும். முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

இஃப் (நிலை = 1) என்று ஒரே ஒரு சமக்குறி போட்டால் அது ஒப்பிடாது, 1-ஐ உள்ளே எழுதிவிடும். நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும். இரட்டைச் சமக்குறி வேண்டும்.

டிலே ஓடும்போது பட்டனைப் பார்க்க முடியாது, போர்டு காத்துக்கொண்டு நிற்கிறது. எல்இடியும் மின்ன வேண்டும், பட்டனும் உடனே கேட்க வேண்டும் என்றால் மில்லிஸுக்கு (போர்டு தொடங்கி எத்தனை மில்லி நொடி ஆனது என்று சொல்லும் கட்டளை) மாறுங்கள். கடைசியாக மாற்றிய நேரத்தை 'முன்பு' என்ற அன்சைன்டு லாங் (குறி இல்லாத 32 பிட்) மாறியில் வைத்து, மில்லிஸ்() - முன்பு >= 500 என்றால் எல்இடியை மாற்றி, முன்புவைப் புதுப்பியுங்கள். முன்பு + 500 என்று கூட்டி ஒப்பிட வேண்டாம். மில்லிஸ் 49.7 நாளுக்கு ஒருமுறை 0-க்குத் திரும்பும், அப்போது கழித்தல்தான் சரியாக வரும்.

எங்கே தப்பு என்றே பிடிபடவில்லை என்றால் நிரலில் பாதியை முடக்கிவிட்டு ஓட்டுங்கள். தப்பு போய்விட்டால் அது முடக்கிய பாதியில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயரையும் நிரலையும் சேர்த்து மாற்றி அது ஓடிவிட்டால், எது காரணம் என்று தெரியாமலே போகும்.

பின் போய்விட்டதா என்று பார்க்க

அந்தப் பின்னில் இருந்து எல்லா வயரையும் கழற்றுங்கள். அவுட்புட்டாக வைத்து 3 நொடி ஹை, 3 நொடி லோ என்று மாறும் நிரலை ஏற்றுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பைப் பின்னிலும் பிடியுங்கள். ஏறத்தாழ 5-ம் 0-வும் மாறி மாறி வர வேண்டும். ஒரே அளவில் நின்றாலோ 2, 3 என்று நடுவில் தடுமாறினாலோ அந்தப் பின் போய்விட்டது. போர்டைத் தூக்கிப் போட வேண்டாம். மற்ற பின்களையும் இதே மாதிரி சோதித்து, கெட்டதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, நல்லதாக இருக்கும் பின்னின் எண்ணை நிரலில் மாற்றிக்கொள்ளுங்கள்.