நன்கொடை திரட்டுவோர் சங்கத்துக்கு நோக்கங்களும் விதிகளும் எழுதும் முறை

தொண்டு நிறுவனங்களுக்காக நன்கொடை திரட்டுவதையே வேலையாகக் கொண்டவர்களில் இன்று பல தரப்பினர் உள்ளனர். வணிக வளாகங்களிலும் குடியிருப்பு வாயில்களிலும் நின்று மாத நன்கொடையாளர்களைச் சேர்ப்பவர்கள், தொலைபேசியில் அழைத்துப் பேசுபவர்கள், நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதிக்குத் திட்டக் கருத்துரு எழுதுபவர்கள், ஒருவருடைய அறுவைச் சிகிச்சைக்காக இணையத்தில் கூட்டுநிதி திரட்டுபவர்கள் ஆகியோர் அவர்களில் அடங்குவர். இவர்கள் கூடித் தமிழ்நாட்டில் ஒரு தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கும்போது அதன் நோக்கங்களையும் விதிகளையும் எப்படி எழுதலாம் என்பதை இங்கே காண்போம். நம்மூர்ச் சங்கங்கள் பலவற்றின் பைலா (உள்விதித் தொகுப்பு), வேறொரு சங்கத்தின் பைலாவைப் பெயர் மட்டும் மாற்றித் தட்டச்சு செய்ததாகவே இருக்கிறது. விளையாட்டுக் கழகத்துக்கோ குடியிருப்போர் நலச்சங்கத்துக்கோ அது போதலாம். பிறரிடம் பணம் கேட்டு வாங்குவோரின் சங்கத்துக்கு அது போதாது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினருக்கு முன்பாக, அங்கே இல்லாத நன்கொடையாளரையும், எவர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கப்படுகிறதோ அந்தப் பயனாளியையும் இந்த விதிகள் காக்க வேண்டியிருக்கிறது.

எழுதத் தொடங்குமுன் இரு வெளிநாட்டு முன்னோடிகளைப் படித்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 1960இல் நிதி திரட்டுவோரின் தேசியக் கழகமாகத் தொடங்கி, இப்போது ஏ.எஃப்.பி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் சங்கம், 1964இலேயே உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் 1983இல் தொடங்கிய நிதி திரட்டுவோர் நிறுவனம் 2020இல் அரச பட்டயம் பெற்ற அமைப்பாயிற்று. இவ்விரண்டில் நமக்குக் கூடுதலாகப் பயன்படுவது பிரிட்டனின் அனுபவம். அந்நாட்டில் நிதி திரட்டலுக்கான நடைமுறை விதிகளை அந்த நிறுவனமே எழுதிப் பராமரித்து வந்தது. 2015இல் பிரிஸ்டல் நகரில் ஒரு மூதாட்டி இறந்ததைத் தொடர்ந்து, அவருக்குத் தொண்டு நிறுவனங்கள் ஓயாமல் அனுப்பிய வேண்டுகோள் கடிதங்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அவருடைய சாவுக்கு அந்த நிறுவனங்களைக் குடும்பத்தினர் குற்றம்சாட்டவில்லை. ஆயினும் பொதுமக்களின் கோபம் தணியவில்லை, மறுஆய்வு நடந்தது, 2016இல் தனியான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று உருவாகி, விதிகளை எழுதும் பொறுப்பும் அதன் கைக்குப் போயிற்று. விதி எழுதுபவரும் விதிக்குக் கட்டுப்படுபவரும் ஒரே கூட்டத்தினராக இருந்தால், நெருக்கடி வரும் நாளில் அவ்விதியை வெளியில் எவரும் நம்பமாட்டார்கள். நம் சங்கம் இதை முதல் வரைவிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்ட அடிப்படை

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். இரண்டு ஆவணங்கள் தேவை. சங்கத்தின் பெயரையும் நோக்கங்களையும் முதல் செயற்குழுவினரையும் கூறுவது மெமோராண்டம். உள்நிர்வாகத்தைக் கூறுவது பைலா. செயற்குழுவில் மூவருக்குக் குறையக் கூடாது என்பதும், அவர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்பதும் சட்டம் இடும் எல்லைகள். இவ்விரண்டு ஆவணங்களையும் பின்னர்த் திருத்துவதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதாவது, குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புடன் கூட்டப்பட்ட பொதுக்குழுவில் வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். திருத்தத்தைப் பதிவாளரிடம் பதியவும் வேண்டும்.

எனவே எதை எந்த ஆவணத்தில் வைப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நோக்கங்கள் மெமோராண்டத்திலும், உறுப்பினர் தகுதி, தேர்தல், புகார் விசாரணை ஆகியவை பைலாவிலும் இருக்கட்டும். அன்றாட நடத்தை விதிகளைத் தனியொரு நடத்தை நெறியாக எழுதி, ‘பொதுக்குழு அவ்வப்போது ஏற்கும் நடத்தை நெறிக்கு ஒவ்வோர் உறுப்பினரும் கட்டுப்பட்டவர்’ என்ற ஒற்றை வரியைப் பைலாவில் வைத்தால் போதும். புதிய செயலியோ புதிய மோசடியோ தோன்றும்போதெல்லாம் பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டியிராது. ஆனால் அந்த நெறியைத் திருத்தும் அதிகாரம் பொதுக்குழுவிடமே இருக்க வேண்டும். அதைச் செயற்குழுவிடம் விட்டால், தமக்கு இடையூறான விதியை நான்கு பேர் ஒரு மாலைக் கூட்டத்தில் தளர்த்திவிட முடியும்.

சட்டப் பிரிவு எண்களைப் பைலாவில் எழுதுவதையும் தவிர்க்கவும். நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் பிரிவான 80ஜி என்ற எண் நன்கொடை ரசீதின் மறுபெயராகவே நம்மிடையே பழகிவிட்டது. ஆனால் அந்த எண்ணுக்குரிய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. ‘நடைமுறையிலுள்ள வருமான வரிச் சட்டத்தின்படி’ என்று எழுதினால் எக்காலத்துக்கும் பொருந்தும்.

நோக்கங்கள்

நோக்கங்களை நான்குக்கு மேல் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. இருபது நோக்கங்களை அடுக்கும் மெமோராண்டம், எந்த நோக்கத்துக்கும் எவரையும் பொறுப்பாக்குவதில்லை. முதல் நோக்கத்தை இப்படி எழுதலாம்: ‘நன்கொடையாளரின் நம்பிக்கைக்கும் பயனாளியின் கண்ணியத்துக்கும் ஊறு நேராத முறையில் மட்டுமே நிதி திரட்டப்படுவதை, உறுப்பினர்களுக்கான கட்டாய நடத்தை நெறியின் மூலம் உறுதிசெய்தல்.’ இதையடுத்துப் பயிற்சி, தொழில் குறித்த தகவல்களைத் திரட்டி வெளியிடுதல், அரசிடமும் பொதுமக்களிடமும் தொழிலின் சார்பில் பேசுதல் ஆகிய மூன்றும் வரலாம்.

எவற்றை எழுதக்கூடாது என்பதிலும் கவனம் தேவை. ஊதியப் பேரம் பேசுவதை நோக்கமாக எழுதினால் அது தொழிற்சங்கத்தின் வேலையாகிவிடும். அதற்குத் தனிச் சட்டமும் தனிப் பதிவும் உண்டு. சங்கமே ஏழைகளுக்காக நிதி திரட்டும் என்று எழுதினால், உறுப்பினர்கள் பணிபுரியும் நிறுவனங்களுக்குச் சங்கமே போட்டியாளராகிறது. தொண்டு நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்குவதும் வேண்டாம். தம் முதலாளிக்குத் தாமே சான்று தரும் நிலை அது. உறுப்பினர்களின் நலனையே பெரிதும் நோக்கும் ஒரு சங்கம், தொண்டு அமைப்புக்குரிய வரிச்சலுகையைத் தானாகப் பெற்றுவிடும் என்று எண்ணிவிடலாகாது. அந்தச் சலுகையைக் கோருவதா என்பதைப் பதிவுக்கு முன்பே ஒரு பட்டயக் கணக்காளருடன் பேசி முடிவு செய்து, அதற்கேற்ப நோக்கங்களின் சொற்களை அமைத்துக்கொள்ள வேண்டும்.

உறுப்பினர்

வாக்குரிமையைத் தனிநபர்களுக்கு மட்டும் தருவது நல்லது. நிறுவனங்களுக்கும் வாக்கு இருந்தால், கட்டணத்துக்கு நிதி திரட்டித் தரும் முகவர் நிறுவனங்கள் தேர்தலைத் தம் பக்கம் திருப்பிவிடக்கூடும். தனிநபர்களுக்கு மட்டுமே வாக்கு என்றாலும், அத்தகைய நிறுவனம் ஒன்று தன்னிடம் வேலை பார்க்கும் ஐம்பது பேரின் சந்தாவைத் தானே கட்டிவிடலாம் என்பதால், இந்த ஆபத்து முழுமையாக நீங்குவதில்லை. ஆகவே ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த இருவருக்கு மேல் செயற்குழுவில் இருக்கக் கூடாது என்ற விதியையும் சேர்க்கவும். மென்பொருளும் அழைப்பு மைய வசதியும் விற்பவர்களை வாக்கில்லா இணை உறுப்பினர்களாக ஏற்கலாம். உறுப்பினர் அட்டை தகுதிச் சான்றாகாது என்பதையும், அதைக் காட்டி நன்கொடை கேட்கக் கூடாது என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள். இவ்வாறு எழுதாவிட்டால் அந்த அட்டை என்றாவது ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நீட்டப்படும்.

நடத்தை நெறி

இதில் அதிக விவாதத்தைக் கிளப்பப்போவது ஊதிய விதி. ஏ.எஃப்.பி.யின் நெறி, திரட்டிய தொகையில் விழுக்காட்டை ஊதியமாகப் பெறுவதைத் தடைசெய்கிறது. நம் வரைவில் இப்படி எழுதலாம்: ‘திரட்டும் தொகையின் விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்ட ஊதியத்தையோ, தரகையோ, நன்கொடையாளரை அறிமுகப்படுத்தியதற்கான கட்டணத்தையோ உறுப்பினர் எவரும் பெறவோ, கொடுக்கவோ, அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ கூடாது.’ கொடுப்பவரையும் இதில் சேர்த்திருப்பதைக் கவனிக்கவும். அவ்வாறு சேர்க்காவிட்டால், களத்தில் வெயிலில் நிற்கும் இளைஞர் மட்டும் தண்டனைக்கு உள்ளாவார். டார்கெட் நிர்ணயித்த மேலாளர் தப்பித்துக்கொள்வார்.

சம்பளம் கொடுக்க முதல் இல்லாத சிறு நிறுவனங்கள் கமிஷனை விட்டால் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் அந்த ஆயிரமும் குழந்தைகளின் படிப்புக்குப் போகிறது என்று நம்பிக் கொடுத்திருக்க, அதில் முந்நூறு ரூபாய், நன்கொடை கேட்டு வந்தவரின் பைக்குப் போகுமானால், அதைக் கொடுத்தவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் கொடுத்திருப்பாரா என்பதே இங்கு அளவுகோல். மாதக் கட்டணமாகவோ ஒரு திட்டத்துக்கு இவ்வளவு என்றோ ஒப்பந்தம் செய்துகொள்வதை விதி தடுக்கவில்லை. ஊக்கத்தொகையை ஏ.எஃப்.பி.யும் முற்றாக விலக்கவில்லை. நிறுவனத்தின் வழக்கமான நடைமுறைக்கு உட்பட்டும் விழுக்காட்டைச் சாராமலும் இருந்தால் ஏற்கிறது. ‘சேர்க்கும் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் இத்தனை ரூபாய்’ என்ற இன்சென்டிவ் எழுத்தளவில் விழுக்காடு இல்லை என்றாலும், கதவைத் தட்டுபவர் மீது அதே அழுத்தத்தைத்தான் ஏற்றுகிறது. ஆகவே, சேர்ந்தவர் ஆறு மாதத்துக்குப் பிறகும் விரும்பித் தொடர்கிறாரா, அவரிடமிருந்து புகார் உண்டா என்பவற்றைப் பொறுத்தே ஊக்கத்தொகை அமையலாம் என்று எழுதப் பரிந்துரைக்கிறேன்.

அடுத்தது நன்கொடையாளர் பட்டியல். வேலை மாறும்போது பெயர்களையும் கைபேசி எண்களையும் எக்செல் கோப்பாக எடுத்துச் செல்வது இத்தொழிலில் பலரும் அறிந்த பழக்கம். பட்டியல் நிறுவனத்துக்குரியது, அதிலுள்ள தகவல் நன்கொடையாளருக்குரியது, திரட்டியவருக்கு அதில் உரிமை ஏதும் கிடையாது என்று தெளிவாக எழுதவும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை மையமாகக் கொண்டிருப்பதால், இது ஒழுக்கத்தோடு நிற்காமல் சட்டப் பொறுப்பும் ஆகிறது. ‘இனி அழைக்க வேண்டாம்’ என்று ஒருவர் ஒருமுறை சொன்னால் அதுவே போதும் என்ற விதியும் இங்கேயே சேரட்டும்.

பயனாளியின் படத்தைப் பற்றிய விதியை நம் சூழலுக்கேற்பக் கடுமையாக எழுத வேண்டும். குழந்தைகள் இல்லங்களில் பிறந்தநாள் விருந்து அளிப்பவர்கள் எடுக்கும் படங்கள் மறுநாளே வேண்டுகோள் விளம்பரமாகின்றன. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் போன்ற அடையாளங்களை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு. இல்லத்தின் நிர்வாகி சம்மதித்தார் என்பது விளக்கமாகாது என்று நெறியில் எழுதிவிடுங்கள். நோயாளிகளின் படங்களைப் பொறுத்தவரை, சிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் குடும்பம் எதற்கும் சம்மதிக்கும் நிலையில் இருக்கும் என்பதை நினைவில் கொண்டு, ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற உரிமையையும் சேர்க்க வேண்டும்.

ரசீது, ரொக்கம், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தந்த பணத்தை அதற்கே செலவிடுதல் ஆகியவற்றுக்குத் தலைக்கு ஒரு வாக்கியம் போதும். இவற்றைச் சட்டமே பெரும்பாலும் கூறிவிடுகிறது.

புகாரும் விசாரணையும்

உறுப்பினர் மீது உறுப்பினர் மட்டுமே புகார் கொடுக்கலாம் என்ற விதி எத்தனையோ சங்கங்களில் உள்ளது. இங்கே நன்கொடையாளர், பயனாளி, பொதுமக்களில் எவரும் கட்டணமின்றித் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத்தாகவோ தொலைபேசியிலோ புகார் தரலாம் என்று இருக்க வேண்டும். ஐவர் கொண்ட ஒழுங்குக் குழுவில் மூவராவது வெளியாட்களாக இருக்கட்டும். ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர், தணிக்கையாளர், நன்கொடையாளர் ஒருவர் என்று அமைக்கலாம். செயற்குழு உறுப்பினர் எவரும் அதில் இடம்பெறலாகாது. குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவித்தல், பதில் சொல்ல அவகாசம் அளித்தல், நேரில் கேட்டல், காரணங்களுடன் முடிவு கூறுதல் ஆகிய நான்கும் விதியிலேயே இருக்க வேண்டும். இவை இல்லாமல் எடுக்கப்படும் நீக்க நடவடிக்கை நீதிமன்றத்தில் நிற்பது அரிது. எச்சரிக்கை, இடைநீக்கம், நீக்கம் என மூன்று படிகள் போதும். இடைநீக்கமும் நீக்கமும் பெயருடன் ஆண்டறிக்கையில் வெளியிடப்படும் என்பதை உறுப்பினர் விண்ணப்பத்திலேயே ஏற்கச் செய்துவிடவும். பின்னர் அவதூறு வழக்கு என்ற மிரட்டல் வரும்போது அந்தக் கையெழுத்து உதவும். விசாரணை நடக்கும்போது ஒருவர் விலகல் கடிதம் கொடுத்தாலும் விசாரணை தொடரும் என்ற வரியை மறக்க வேண்டாம்.

நிர்வாகம் குறித்த மற்ற விதிகள் எந்தச் சங்கத்துக்கும் பொதுவானவை: ஆண்டுப் பொதுக்குழு, குறைவெண் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை), இருவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு, தணிக்கை, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கலாகாது என்ற வரம்பு, சங்கம் கலைந்தால் மீதிச் சொத்து உறுப்பினர்களுக்குள் பங்கிடப்படாமல் ஒத்த நோக்கமுடைய வேறு அமைப்புக்குச் சேரும் என்ற உறுதி. செயற்குழு மாறும்போதெல்லாம் ஏழாம் எண் படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பொறுப்பைச் செயலாளர் பெயரிலேயே எழுதுங்கள். பின்னாளில் யார் செயற்குழு என்று இரு தரப்பு வழக்காடும்போது முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.

வரைவு முடிந்ததும் நன்கொடையாளர் இருவரிடமும், களப்பணியாளர் இருவரிடமும் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி, அவர்களுக்குப் புரியாத வாக்கியங்களைத் திருத்தியமைத்த பிறகே பதிவாளரிடம் செல்லவும். மெமோராண்டத்தில் கையெழுத்திடும் தொடக்க உறுப்பினர்கள் அதே நாளில் நடத்தை நெறி உறுதிமொழியிலும் கையெழுத்திட வேண்டும். ஏற்கெனவே கமிஷன் ஒப்பந்தத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் அதிலிருந்து வெளியேற ஓராண்டு அவகாசம் தரலாம். அவகாசம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் முதல் ஆண்டுப் பொதுக்குழுவில் படிக்கப்பட வேண்டும்.