மீள்நோக்கு மேற்பார்வை: ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்பார்வை என்றதும் ஆசிரியர்கள் பலரின் மனத்தில் எழுவது, வகுப்பின் கடைசி வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் அதிகாரியின் உருவம். மீள்நோக்கு மேற்பார்வை அதுவன்று. ஆசிரியரோ பள்ளித் தலைவரோ, பயிற்சி பெற்ற ஒருவரோடு குறித்த கால இடைவெளியில் அமர்ந்து, தம் பணியில் நேர்ந்தவற்றையும் அவை தமக்குள் எழுப்பிய உணர்வுகளையும் நிதானமாக எண்ணிப் பார்க்கும் உரையாடல் அது. சமூகப்பணியிலும் உளவள ஆலோசனையிலும் நெடுங்காலமாக வழக்கிலுள்ள மேற்பார்வை, கல்வித்துறைக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் மழலையர் கல்வி நிலையங்கள் தம் பணியாளர்களுக்கு மேற்பார்வை ஏற்பாடு செய்தாக வேண்டும் என்ற விதியே 2012இல்தான் வந்தது.

முதல் தவறு, இதைப் பணி மதிப்பீட்டோடு கலப்பது. மேற்பார்வைக்கு நெறி காத்தல், திறன் வளர்த்தல், தளர்ந்த மனத்தை மீட்டெடுத்தல் என்னும் மூன்று பணிகள் உண்டு என்று உளவள ஆலோசனைத் துறையைச் சேர்ந்த பிரிஜிட் பிராக்டர் 1980களில் வகுத்துக் காட்டினார். நெறி காத்தலை மதிப்பெண் இடுவதாகப் புரிந்துகொள்ளும்போது மற்ற இரண்டும் நின்றுபோகின்றன. தம் பதவி உயர்வைத் தீர்மானிப்பவரிடம் "நேற்று வகுப்பில் நிதானம் இழந்துவிட்டேன்" என்று எவர் மனம் திறந்து சொல்வார்? மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவர் ஒருவராகவும் மேற்பார்வையாளர் வேறொருவராகவும் இருப்பதே நல்லது. அதற்கு வழியில்லாத பள்ளியில் சந்திக்கும் நாளையும் குறிப்பேட்டையுமாவது மதிப்பீட்டிலிருந்து பிரித்து வைத்து, அதை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

என் பார்வையில் இதைவிட ஆழமான தவறு, தீர்வு சொல்ல அவசரப்படுவது. அது அக்கறையின் வடிவில் வருவதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. "அந்த மாணவன் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், நான் எதைச் செய்தும் பயனில்லை" என்று ஓர் ஆசிரியை சொல்கிறார் என்று கொள்வோம். இருக்கையை மாற்றுங்கள், பெற்றோரை அழையுங்கள் என்று அடுக்கத் தொடங்கினால் அவர் தலையசைத்துவிட்டுப் போவார். அவையெல்லாம் அவர் ஏற்கெனவே செய்து பார்த்தவையாக இருக்கும். அவர் கொண்டுவந்தது தம் கையறு நிலையை. பாடம் புரியாமல் தவிக்கும் மாணவனின் இயலாமையே ஆசிரியையிடம் இடம் மாறி, அவரிடமிருந்து மேற்பார்வையாளரையும் தொற்றியிருக்கக்கூடும். ஓர் உறவில் நிகழ்வது மேற்பார்வை உறவிலும் எதிரொலிக்கும் என்பதை உளப்பகுப்பாய்வுத் துறையில் ஹெரால்ட் சர்ல்ஸ் 1955இலேயே எழுதினார். ஆகவே, யோசனை சொல்லத் துடிக்கும் தம் துடிப்பையே மேற்பார்வையாளர் ஒரு தடயமாகக் கொண்டு, "அவன் முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் உங்களுக்கு என்ன ஆகிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மௌனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. ஆசிரியரின் இளமைக்காலத்தையும் குடும்பத்தையும் தோண்டத் தொடங்கினால் அது உளச்சிகிச்சை ஆகிவிடும். சொந்த வாழ்வின் வலி வெளிப்பட்டால் கனிவோடு கேட்டு, உரிய உதவிக்கு வழிகாட்டிவிட்டு, பேச்சை மீண்டும் பணிக்குக் கொண்டுவருவதே முறை.

"இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது" என்று நிபந்தனையின்றி வாக்களிப்பதும் பிழையே. ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரியவந்தால் உரியவர்களிடம் தெரிவித்தாக வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாதவர், பின்னால் குழந்தையையோ ஆசிரியரின் நம்பிக்கையையோ கைவிட நேரும்.

வேலை நெருக்கும் வாரங்களில் முதலில் ரத்தாவதும் இந்தச் சந்திப்புதான். தேவை மிகும் வாரங்களும் அவையே என்பதால், ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் அரை மணி நேரமாவது நடத்துவது நல்லது. அடிக்கடி தள்ளிப்போகும் சந்திப்புக்கு எவரும் கனமான எதையும் கொண்டுவருவதில்லை.

பள்ளித் தலைவர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. ஆசிரியர்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, தமக்கு இது வேண்டியதில்லை என்று இருந்துவிடுகிறார்கள். பெற்றோரின் கோபம், ஆசிரியர்களின் சோர்வு, மேலிடத்தின் நெருக்கடி ஆகிய மூன்றும் வந்து சேரும் இடம் அவர்களுடைய மேசை. பள்ளிக்குள் தமக்குக் கீழ் பணிபுரிபவரிடமோ, தம்மை மதிப்பிடும் உயரதிகாரியிடமோ அவற்றை இறக்கி வைக்க முடியாது. எனவே அவர்களுக்கான மேற்பார்வையாளர் அந்த நிர்வாக வரிசைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அதற்கான நேரமும் செலவும் பள்ளியின் ஆண்டுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.