தனியார் காணியில் பாலை, வீரைக் காடு: காணிக்காரரோடு சேர்ந்து மீட்கும் முறை

வட இலங்கையின் வன்னி மேட்டுநிலத்துக்கு உரிய காடு பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கும் உலர்காடு. அதில் கணிசமான துண்டுகள் இன்று உறுதிக் காணிகளுக்கும் (சொந்த உறுதி உள்ளவை) அனுமதிப்பத்திரக் காணிகளுக்கும் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை) உள்ளே பற்றையாகக் கிடக்கின்றன. அவற்றை மீட்க விரும்பும் சனசமூக நிலையங்கள், கமக்காரர் அமைப்புகள், பாடசாலைச் சுற்றாடல் கழகங்கள் பெரும்பாலும் கன்று நடும் நாளிலிருந்துதான் திட்டம் போடுகின்றன. கன்று நடுவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. முதல் ஐந்து கோடைகளையும் அந்தக் கன்று தாண்டுவதற்கு யார் பொறுப்பு என்று காணிக்காரரோடு தெளிவாக எழுதி வைப்பதுதான் பெரிய பங்கு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

காணிக்காரரின் பயம் நியாயமானது

"மரம் வளர்ந்தால் காணி என் கையைவிட்டுப் போய்விடுமோ?" என்ற கேள்வியைக் காணிக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துப் பேசுங்கள். அதற்குள் மூன்று பயங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆட்சியுரிமை. இலங்கைச் சட்டத்தில் ஒருவர் பத்து ஆண்டு இடையறாது தன்னுடையதுபோல ஆண்ட காணிக்கு உரிமை கோரலாம். நீங்கள் வேலி போட்டு, தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பதை நாளை யாரும் அப்படித் திருப்பக்கூடாது. "இக்காணியில் செய்யப்படும் வேலை யாவும் உரிமையாளரின் அனுமதியோடு மட்டுமே, காணியில் எந்த உரிமையும் எவருக்கும் மாறாது" என்ற வரி உடன்படிக்கையின் முதல் வரியாக இருக்கட்டும்.

இரண்டாவது, காடேறிய காணி அரச வனத்துக்குள் சேர்க்கப்படும் என்ற பயம். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றையேறிய காணிகளில் திரும்பி வந்தபோது அரச வனத்தின் எல்லைக்கல் இருந்தது என்ற முறைப்பாடு வன்னியில் புதிதல்ல. இதற்கு மருந்து ஆவணந்தான். நில அளவைப் படத்தின் பிரதி, வேலைக்கு முன்னும் ஒவ்வொரு ஆண்டும் திகதியோடு எடுத்த படங்கள், நட்ட கன்றுகளின் இனம், எண்ணிக்கை, திகதி கொண்ட பதிவேடு ஆகியவற்றை ஒரு கோப்பாகச் சேர்த்து, ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுத்துக் கையொப்பத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். எல்லை ஓரத்து முதல் இரண்டு வரிசையை நேர்கோட்டில் நட்டால், இது நட்ட மரம் என்பது பார்த்தவுடன் தெரியும். பிற்காலத்தில் முதிரை வெட்டவோ ஏற்றவோ அனுமதி கேட்கும்போதும் இதே கோப்புத்தான் உதவும்.

மூன்றாவது பயம் அனுமதிப்பத்திரக் காணிக்காரருக்கு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட காணியை அபிவிருத்தி செய்யாமல் விட்டால் அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்ய இடமுண்டு. எனவே காணி முழுவதையும் காட்டுக்கு விடச் சொல்லாதீர்கள். பயிர் செய்யும் பகுதி தொடரட்டும். கல்லுத்தரை, ஓடைக்கரை, பின் எல்லை போன்ற இடங்களை மட்டும் எடுங்கள். பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், காணியைப் பார்ப்பவரின் வாய்ப்பேச்சு போதாது. அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகக் கையொப்பமிட எழுதிக் கொடுத்த அதிகாரம்) வைத்திருப்பவரின் கையொப்பம் வேண்டும், உடன்பிறப்புகளுக்குப் பிரிபடாத காணியென்றால் எல்லோருடையதும் வேண்டும். ஒரு பங்காளி விற்கத் தீர்மானித்தவுடன் மூன்று வருட உழைப்பு புல்டோசருக்குப் போகும்.

உடன்படிக்கை தமிழில், இரண்டு பக்கத்துக்குள், குறைந்தது ஏழு ஆண்டுக்கு இருக்கட்டும். வேலிச் செலவு யாருடையது, கோடையில் தண்ணீர் ஊற்றுவது யார், மாடு கட்டலாமா, விறகு எதை வெட்டலாம், பழமும் தேனும் யாருக்கு (காணிக்காரருக்கே என்று எழுதுவது நல்லது), காணி கைமாறினால் என்ன செய்வது, விலக விரும்பினால் எத்தனை மாத அறிவித்தல் என்பவை அதில் வரவேண்டும். சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிடுங்கள்.

மண்ணைத் தொடுமுன்

பற்றைக் காணியில் மண்வெட்டி வைக்குமுன் அந்தத் துண்டு மிதிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலர் வழியாக உறுதிப்படுத்துங்கள். அகற்றிய காணியிலும் பழைய மண் அணை, பங்கர் இருந்த வரிசைகளில் குழி தோண்டாதீர்கள். ஐயமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளமிட்டு, 119க்கு அறிவியுங்கள். பாடசாலைப் பிள்ளைகளைத் துப்புரவு வேலைக்கு விடவே வேண்டாம். நடுகைக்கு மட்டும் அழையுங்கள்.

இருப்பதை எண்ணுங்கள்

பற்றைக்குள் பல வேளை காடு ஏற்கெனவே இருக்கிறது. வெட்டிய வீரை அடிக்கட்டையிலிருந்து துளிர் வந்திருக்கும்; பறவை போட்ட வேம்பு, நாவல், பனிச்சை முழங்கால் உயரத்தில் நிற்கும். ஏக்கருக்கு நாலைந்து இடங்களில் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் சதுரம் கயிறு கட்டி, அதற்குள் உள்ள சுதேச மரக்கன்றுகளையும் துளிர்விடும் கட்டைகளையும் எண்ணுங்கள். சதுரத்துக்கு எட்டோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே கன்று நட வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்தில் நாயுண்ணியையும் கினிப்புல்லையும் வேரோடு பிடுங்கினால் போதும். கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து துளிர் வந்திருந்தால் நேராக, தடிப்பாக உள்ள இரண்டை விட்டு மற்றவற்றை அடியோடு சரிவாக வெட்டுங்கள். இப்படி மீளும் காடு, வாங்கி நட்ட காட்டைவிட விரைவாகவும் மலிவாகவும் வரும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது.

புல்டோசர் விட்டுத் "துப்புரவாக்கி"ய பிறகு நடுவது இந்த வேலையில் நிகழும் மிகப் பெரிய நட்டம். மேல்மண்ணும் கட்டைகளும் ஒன்றாகப் போய்விடும், அடுத்த மாரியில் அயல் மரமான இப்பில் இப்பிலும் கினிப்புல்லும் மட்டும் வரும்.

விதையும் நாற்றும்

குறைந்த பட்சம் பத்துத் தாய்மரங்களிலிருந்து, ஒன்றுக்கொன்று நூறு மீற்றராவது இடைவெளி விட்டு எடுங்கள். கோயில் வளவுகளும் பழைய குளக்கரைகளும் நல்ல இடங்கள். ஒதுக்குக் காடுகளுக்குள் அனுமதியின்றிப் பொறுக்க வேண்டாம். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரே மரத்து விதையையே நம்பினால் உறவுநெருக்கம் கூடிய, வலுக்குறைந்த காடு வரும்.

வேம்பு, நாவல், இலுப்பை விதைகளைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. சதையைக் கழுவி, நிழலில் ஈரம் வடியவிட்டு, ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். முதிரைக் காய் கபில நிறமாகி வெடிக்குமுன் பறித்துத் தறப்பாளில் காயவைத்தால் சிறகுள்ள விதை தானே உதிரும். மரத்திலேயே விட்டால் காற்றோடு போகும். கொன்றை விதையின் ஓரத்தை நகவெட்டியால் சற்று வெட்டி, இரவு முழுவதும் ஊறவையுங்கள்.

பாலைக்குப் பொறுமை வேண்டும். ஆனி, ஆடியில் பழம் விழும்போது, பழத்தைத் தின்றுவிட்டு எறிகிற விதையையே சேர்க்கலாம். அதன் ஓடு கடினம். ஒரு பக்கத்தை அரத்தாளில் மெல்ல உரசி ஒரு நாள் ஊறவைத்தால் முளைப்பு கூடும். அப்படியும் சில விதை ஒரு மாதத்திலும் சில மூன்று மாதத்திலும் வரும். அவசரப்பட்டுப் பாத்தியைக் கிண்டிவிடாதீர்கள். கன்று மிக மெதுவாக வளர்வதால் அதே ஆண்டு ஐப்பசிக்கு நடத் தயாராகாது. அடுத்த ஆண்டு ஐப்பசிக்கே எடுக்கலாம்.

நடுகை வரிசையையும் இதுவே தீர்மானிக்கிறது. முதல் ஆண்டு வேம்பு, கொன்றை, நாவல், இலுப்பை போன்று விரைவாக எழும்புவன. இரண்டாம் ஆண்டு, அவற்றின் நிழல் ஓரத்தில், பாலையும் வீரையும். கருங்காலி அதற்கும் பிறகு. இளங்கன்று நேர்வெயிலைத் தாங்காது.

பொலித்தீன் பை 15க்கு 23 சென்ரிமீற்றர் போதும். பாலைக்கும் இலுப்பைக்கும் நீளமானது எடுங்கள், ஆணிவேர் அடியில் சுருண்டால் பத்து ஆண்டு கழிந்து மரம் சாயும். கலவை: மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய மாட்டெரு ஒன்று. கிடுகுப் பந்தலின்கீழ் வளர்த்து, நடுவதற்கு ஒரு மாதம் முன் கிடுகைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தண்ணீரையும் குறைத்துக் கன்றைப் பழக்குங்கள்.

குழியும் நடுகையும்

புரட்டாசி முடியுமுன் 45 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணைத் தனியே குவியுங்கள். வெற்றுத் தரையென்றால் மூன்று மீற்றர் இடைவெளி, ஏக்கருக்குச் சுமார் 450 கன்று. இடையிடையே மரம் நிற்கும் பற்றையென்றால் ஐந்து மீற்றர், சுமார் 160.

முதல் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஒரு முழம் நனைந்த பிறகு நடுங்கள். ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை நடு வரைதான் காலம். மார்கழியில் நட்ட கன்று வேர் இறக்குமுன் மழை ஓய்ந்துவிடும். கன்று சாவதற்கு இது ஒரு பொதுவான காரணம். கன்று தாமதித்தால் நாற்றுமேடையிலேயே வைத்து அடுத்த காலபோகத்துக்கு (மாரிப் பயிர்க்காலம்) நடுங்கள்.

மன்னாரின் முருங்கன் பக்கத்துக் கரிசல் களியில் குழி கிணறாகிக் கன்று அழுகும். அங்கே ஒரு அடி உயர மண்மேடு கட்டி அதன்மேல் நடுங்கள், தாழ்ந்த ஓரத்துக்கு மருது வையுங்கள். குளக்கட்டின்மேல் எந்த மரமும் வேண்டாம். வேர் வழியே கட்டு கசியும். யானை வரும் ஊரில் விளாத்தியையும் பாலையையும் வீட்டுப் பக்கம் வைக்காதீர்கள்.

மூடாக்குக்கு வைக்கோல் நல்லது, ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் கறையான் பட்டையை வளையமாகத் தின்றுவிடும்.

கட்டாக்காலி மாடும் தீயும்

சதுரமான ஓர் ஏக்கரைச் சுற்ற 255 மீற்றர் வரும். ஐந்து நிரை முட்கம்பிக்குச் சுமார் 1,275 மீற்றர், இரண்டரை மீற்றருக்கு ஒன்றாக 102 கட்டை. கட்டைகளுக்கிடையே மாரித் தொடக்கத்தில் கிளுவைக் கதியால் நட்டுவிடுங்கள். கம்பி துருப்பிடிக்கும்போது கிளுவை வேலியாகிவிடும். காலபோக அறுவடை முடிந்து மாடு அவிழ்த்துவிடும் நாளுக்கு முன் வேலி முடியவேண்டும். பட்டிக்காரரை (மாட்டு மந்தை வைத்திருப்பவரை) முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். அவருடைய மாடு போகும் பாதையை மறித்து வேலி போட்டால் அது ஒரு கோடைகூட நிற்காது.

வைகாசி முடிவதற்குள், தென்மேற்குக் காற்றான சோளகம் பலமாக வீசுமுன், எல்லையைச் சுற்றி மூன்று நான்கு மீற்றர் அகலத்துக்குச் சருகும் புல்லும் வழித்துத் தீத்தடை எடுங்கள். கினிப்புல் உள்ள பக்கத்துக்கு இன்னும் அகலம் வேண்டும். பக்கத்துக் காணியில் குப்பை எரிப்பவருக்கும் இந்தத் திகதியைச் சொல்லி வையுங்கள்.

முதல் கோடையில் கன்றுக்கு ஐந்து லீற்றர், பத்து நாளுக்கு ஒருமுறை. தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். தண்ணீர் பவுசர் வராத இடத்தில் அடியில் சிறு துளையிட்ட மண்முட்டியைக் கன்றருகே புதைத்து நிரப்பலாம். இரண்டாம் கோடையில் இலை சுருண்டவற்றுக்கு மட்டும். மூன்றாம் கோடையில் நிறுத்துங்கள். களை வட்டத்தை மட்டும் ஆண்டுக்கு மூன்று முறை, ஐந்தாம் ஆண்டு வரை விடாமல் எடுங்கள்.

நூறு கன்றுக்கு இலக்கத் தகடு கட்டி, மாசியிலும் புரட்டாசியிலும் எண்ணுங்கள். மாசியிலேயே அதிகம் செத்திருந்தால் நாற்றிலோ நடுகையிலோ பிழை. புரட்டாசியில் மட்டும் செத்திருந்தால் தண்ணீர், மாடு அல்லது தீ. அறுபது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் காரணம் தெரியாமல் மறுநடுகை செய்யாதீர்கள். எண்ணும்போது காணிக்காரரும் கூட நடக்கட்டும், அன்றே பதிவேட்டில் அவரும் ஒப்பமிடட்டும்.