வாக்கி டாக்கியை இடுப்பில் செருகாதீர்கள்

ஸ்பீக்கர் மைக் (செட்டோடு கம்பியால் இணைத்து, சட்டையில் மாட்டும் மைக்) மாட்டியபின் வாக்கி டாக்கியை இடுப்புக்கு இறக்காதீர்கள். நெஞ்சுப் பையில், ஏரியல் தோளுக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். நம் உடம்பில் பாதிக்கு மேல் நீர்தான். வாக்கி டாக்கியின் 477 மெகாஹெர்ட்ஸ் அலையை அது உறிஞ்சிவிடும். இடுப்போடு ஒட்டிய ஏரியலின் வீச்சு அதனால்தான் குறைகிறது. மலேசியாவின் சுங்கை சிப்பூட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிரைக்குள் நிற்கும் மண்டோருக்கு (தோட்டத்து மேற்பார்வையாளருக்கு), மழையில் நனைந்த மட்டைகளும் சேர்ந்து மறைக்கும்போது, அந்த ஓரடி உயரம் பெரிய உதவி. இன்னொன்று: மைக்கின் இரட்டை முள் செருகியை அடிவரை அழுத்துங்கள். அரைகுறையாக நின்றால், பொத்தானைத் தொடாமலே செட் ஒலிபரப்பத் தொடங்கி, மற்றவர்கள் பேச வழியில்லாமல் போகலாம். ரிப்பீட்டர் (அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) பக்கத்திலேயே இருந்தால் செட் இடுப்பிலேயே இருக்கட்டும். அடைமழையில் மைக்கைக் கழற்றி, ரப்பர் மூடியைப் போட்டுவிடுங்கள்.