ஹாஸ்கெல் நிரல்மொழியில் எண்களைப் பெட்டிக்கு வெளியே வைப்பது எப்படி?

64 பிட் கணினியில் ஹாஸ்கெலின் ஜிஹெச்சி கம்பைலர் ஓர் இன்ட் (முழு எண் வகை) எண்ணைத் தலைப்புக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட் என 16 பைட் பெட்டியாக ஹீப் எனும் நினைவகப் பகுதியில் வைக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு கண்ணிக்கும் மேலும் 24 பைட் சேர்வதால், பத்து லட்சம் எண்கள் ஏறத்தாழ 40 மெகாபைட்டை விழுங்கிவிடும். பெட்டியின்றி மதிப்புகளை மட்டும் அடுத்தடுத்து வைக்கும் அன்பாக்ஸ்டு வெக்டரில் இவற்றுக்கு 8 மெகாபைட் போதும் என்பதால், முதலில் மாற்ற வேண்டியது பட்டியலைத்தான். (வெக்டரின் உறுப்புகள் உடனுக்குடன் கணிக்கப்படுவதால், தேவைப்படும்போது மட்டும் கணிக்கும் சோம்பல் மதிப்பீட்டை நம்பிய நிரலுக்கு இது ஒத்துவராது.)

சொந்த வகைகளில் எண் புலத்தின் வகைக்கு முன் ஆச்சரியக்குறி இடுங்கள். ஆப்டிமைசேஷனுடன் கம்பைல் செய்தால், இன்ட், டபுள் போன்ற சிறு புலங்களின் பெட்டியைக் கம்பைலரே பிரித்துவிடும். எந்த வகையையும் ஏற்கும் பொதுவகைச் சார்புகள் பெரும்பாலும் பெட்டியையே எதிர்பார்க்கும். ஆகவே வேகம் முக்கியமான இடத்தில் இன்ட் என்றே வகை குறிப்பது நல்லது. பிறகு கோர் எனும், கம்பைலரின் இடைநிலை வடிவ வெளியீட்டின் உள்சுழலில் இன்ட் என்பதை அடுத்து # குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே பெட்டி இல்லை.