கடலோரத் தெருவில் சங்கம் நடத்துவோர்க்கு: முதலில் கிணறு, பிறகு விளக்கு

சென்னையின் பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கத்துக் கடலோரத் தெருக்களில் குடியிருப்போர் நலச்சங்கம் தொடங்கினால், முதல் கூட்டத்திலேயே பேச்சு கேட், கேமரா, வாட்ச்மேன் சம்பளம் என்று போய்விடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் இந்தத் தெருக்களை வாழவைப்பது மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர். அதைத் தனி வீட்டால் காப்பாற்ற முடியாது. அடுத்த வீட்டார் ஆழமாகத் துளைத்து உறிஞ்சினால் உங்கள் கிணறும் உப்பாகும். சங்கம் கட்டாயம் தேவைப்படும் இடம் இதுதான்.

பதிவு எளிது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து, நோக்கங்களையும் விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பிறகுதான் பல சங்கங்கள் சிக்குகின்றன. ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் மாறிய விவரத்தையும் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுவார்கள். வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது சிக்கல் தெரியவரும். இன்னொன்று: வீட்டுக்காரர் பலர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பதால், வாடகைக்கு இருப்போருக்கும் உறுப்பினர் உரிமை உண்டு என்று விதியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்துக்கு ஆள் சேராது.

கிணற்றுக்கு வருவோம். மணலில் இறங்கிய மழைநீர், அதைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். மேலே 1 அடி நிரந்தரமாகக் குறைந்தால் உப்பு எவ்வளவு ஏறும் என்று இதிலிருந்தே கணக்குப் போடலாம். அதனால் தண்ணீர் குறைந்ததும் போர்வெல்லை இன்னும் ஆழமாக்குவதுதான் இங்கே செய்யக்கூடாத முதல் தப்பு. குழாய் நேரே உப்பைத் தேடிப் போகிறது.

ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள்: கடலை ஒட்டி இரண்டு, தெரு நடுவில் இரண்டு, ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒன்றிரண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, மோட்டார் போடுமுன், எடை கட்டிய டேப்பால் நீர்மட்டத்தையும் டிடிஎஸ் மீட்டரால் நீரில் கரைந்த உப்பையும் அளந்து ஒரே நோட்டில் எழுதுங்கள். மோட்டார் ஓடியபின் அளந்தால் கணக்கு பொய்யாகும். குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. உப்பின் அளவு தொடர்ந்து இரண்டு மாதம் ஏறினால் அந்தக் கிணற்றில் ஒரு மணி நேரம் ஒரே மூச்சாக இறைப்பதை நிறுத்தி, 15 நிமிடமாக நான்கு வேளை இறையுங்கள். மோட்டாரும் அரை ஹெச்பி போதும்.

மழைநீர் சேகரிப்பு வேலை முழுக்கச் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். 3 அடி விட்டம், 12 முதல் 15 அடி ஆழத்தில் சிமென்ட் உறை இறக்கி, அடியில் சிமென்ட் பூசாமல் ஓர் அடிக்கு ஜல்லி கொட்டினால் மணல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால் 2 அடிச் சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி அவசியம். அது இல்லாத உறைகிணறு இலையும் கட்டட வேலைச் சிமென்ட் பாலும் படிந்து அடைத்துக்கொள்ளும். நீச்சல்குளம் கழுவிய தண்ணீரையும் செப்டிக் டேங்க் வழிவதையும் இதில் விடவே கூடாது. வார இறுதிக்கு வாடகை விடும் பங்களாக்களில் இதை நேரில் போய்ப் பாருங்கள்.

மார்கழி பாதியில் விளக்கு வேலை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். இரவில் கடல்பக்கம்தான் வெளிச்சம் என்று நம்பி நடக்கும் குஞ்சுகள், மொட்டைமாடி விளக்கைக் கண்டால் ரோட்டுக்கு வந்துவிடும்.

சோதனை சுலபம். இரவு ஈர மணலில் உட்கார்ந்து தெருவைத் திரும்பிப் பாருங்கள். பல்பே கண்ணில் படுகிற விளக்கெல்லாம் தப்பான விளக்கு. அதைத் தாழ்த்துங்கள், மூடி போடுங்கள், வெள்ளை எல்இடிக்குப் பதில் ஆம்பர் நிறம் மாட்டுங்கள், அல்லது இரவு 11 முதல் காலை 5 வரை அணையுங்கள். பாதுகாப்பு போய்விடும் என்பவர்களுக்கு ஆள் நடந்தால் எரியும் சென்சார் விளக்கைச் சொல்லுங்கள். தெருவிளக்கென்றால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லி, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

மணல்மேட்டில் படர்ந்த அடும்பங்கொடியையும் இராவணன் மீசையையும் 'சுத்தம்' செய்ய விடாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துவது அவைதான். கடற்கரைக்குப் போகும் சந்துகளில் கேட் போடுவதும் வேண்டாம். குப்பத்து மீனவர்கள் வலையும் மீனும் சுமக்கும் வழி அது. எதுவானாலும் முதலில் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ரோட்டில் ஆமைக் குஞ்சைக் கண்டால் தண்ணீர் வாளியில் போடாதீர்கள், நேரே அலையில் வீசாதீர்கள். பங்குனி ஆமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறைக்கோ, 1988 முதல் இந்தக் கரையில் இரவு நடந்துவரும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் (SSTCN) தன்னார்வலருக்கோ உடனே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஈர மணல் பரப்பிய வாளியில், துணி மூடி, இருட்டில் வையுங்கள். அந்தப் பக்கத்து விளக்குகளை அணைக்க ஒருவரை அனுப்புங்கள். ஒரு குஞ்சு ரோட்டுக்கு வந்திருந்தால் மற்றவையும் பின்னால் வந்துகொண்டிருக்கும்.